கிணறு எங்கே?

அக்காவின் மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள். சென்ற மாதம் தொலைபேசியில், "மாமா, உங்களுக்குப் பிடித்த படங்களின் பெயர்களை எழுதி அனுப்புங்கள். கிழமைக்கு ஒன்றாகப் பார்க்கப் போகிறேன்" என்று கேட்டாள். நான் படவரைஞர். முப்பது வருடங்களாக வீடுகளின் வரைபடம் கீறிக் கீறிக் கை பழகிவிட்டது. படத்தின் பெயரை எழுத முன்பே பென்சில் அந்தப் படத்தில் வரும் வீட்டைக் கீறத் தொடங்கிவிட்டது. விறாந்தை இங்கே, சாமியறை அங்கே, குசினிக்குள் வெளிச்சம் வருவது இந்தப் பக்கம். ஏழெட்டுப் படங்கள் இப்படியே வந்தன. எவ்வளவு பெரிய பெயர் பெற்ற படமாக இருந்தாலும், அதன் வீடு நினைவுக்கு வரவில்லை என்றால் அது தாளில் ஏறவே மறுத்தது.

அவளுக்குப் பெயர்களை மட்டும் அனுப்பினேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நிலாவெளி. படம் பார்ப்பதென்றால் பஸ் ஏறி, சாம்பல்தீவுப் பாலத்தைக் கடந்து, அலஸ்தோட்டம், உப்புவெளி தாண்டித் திருகோணமலை நகரத்துக்கு வர வேண்டும். 1972 முதல் வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தன. இந்தியத் தமிழ்ப் படங்கள் ஆற அமரத்தான் வந்து சேரும். அதனால் எங்கள் வயதுக்காரர்களுக்குப் பழைய படம், புதிய படம் என்ற பிரிவே கிடையாது. படமாளிகையில் எது ஓடுகிறதோ அதுதான் புதிய படம். 1964இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை' எனக்கு 1977இன் படம். எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

நாகேஷ் தன் அப்பாவான பாலையாவை இருத்திவைத்து, தான் எடுக்கப்போகும் படத்தின் கதையைச் சொல்லும் காட்சி எல்லோருக்கும் தெரியும். இருட்டு, காற்று, கதவின் கிரீச்சு, எல்லாமே நாகேஷின் வாயிலிருந்துதான் வருகின்றன. ஆனால் படம் ஓடுவது பாலையாவின் முகத்தில். ஒரு பணக்கார மனிதர் தன் சொந்த வீட்டுக் கூடத்தில், பட்டப்பகலில், மகனைப் பார்த்துப் பயந்து சுருங்குகிறார். அப்பா அன்று வாய்விட்டுச் சிரித்தார். அவர் பாடசாலை ஒன்றில் எழுதுவினைஞர். கணக்குப் புத்தகங்களோடு வாழ்ந்த மனிதர் அப்படிச் சிரிப்பார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் அந்தக் காட்சியை நான் அவர் சிரிப்பின் சத்தத்தோடுதான் கேட்கிறேன்.

அந்தக் கூடத்தைப் பாருங்கள். அதில் மனிதர்கள் வாழ்கிறார்கள். வேலையில்லாத மகன் எங்கே படுத்துக் கிடப்பான், விடுமுறைக்கு வந்த மகள்மார் எந்த அறையில் கதை பேசுவார்கள் என்று சொல்லிவிடலாம். பிற்காலத்தில் வந்த எத்தனையோ படங்களில் கூடத்தின் இரண்டு பக்கமும் வளைந்து ஏறும் மாடிப்படி இருக்கும். அந்த வீட்டில் குசினி எங்கே இருக்கிறது என்று இயக்குநருக்கே தெரிந்திருக்காது. கதாநாயகி அழுதுகொண்டே மேலே ஓடுவதற்காகக் கட்டிய வீடு அது. அப்படிப்பட்ட வீட்டில் யார் செத்தாலும் எனக்கு அழுகை வருவதில்லை.

'அந்த நாள்' படத்தை 1986இல் நகரத்தில் மாமா வீட்டில் கசெற்றில் பார்த்தோம். எஸ். பாலசந்தர் 1954இல் எடுத்தது. பாட்டே இல்லாத தமிழ்ப் படம். 'பராசக்தி' வந்து இரண்டே வருடங்களில், நாடே கொண்டாடிய சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுகிறார். பிறகு அவரைச் சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாங்கள் கண்டதையும் நினைத்ததையும் சொல்ல, ஒரே வீட்டைப் பல கண்களால் பார்க்கிறோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சென்னை. யப்பான் குண்டு விழுமோ என்று தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும் நாட்கள்.

எங்களோடு இருந்து பார்த்த அம்மம்மா படத்தைப் பாதியில் மறித்துவிட்டார். கொலை செய்தது யார் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு, யப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்கள் கழித்து, 9ஆம் தேதி காலை, திருகோணமலைக்கு வந்தன. அம்மம்மா அப்போது குமர்ப்பிள்ளை. அடுப்பில் ஏற்றிய உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடியதாகச் சொன்னார். துறைமுகப் பக்கம் எழுந்த புகையைச் சொன்னார். சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் ஒன்று அன்று எரிந்து உருகியது. "திரும்பி வந்து பார்த்தபோது பானை அடியோடு கரிந்து அடுப்பில் ஒட்டிப்போய்க் கிடந்தது" என்றார். அதன் பிறகு படத்தைத் தொடர்ந்து பார்த்தோம். வெள்ளித்திரையில் ஒரு வீட்டுக்கு நடப்பது என் குடும்பத்துக்கும் நடந்திருக்கிறது என்று முதன்முதலில் உணர்ந்தது அன்றுதான். இந்தப் படம் தெரியாதவர்கள் இருந்தால், முடிவை யாரிடமும் கேட்காமல் பாருங்கள்.

இனி 1989.

அப்பா நிலாவெளியில் நான்கு வருடங்களாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். சீட்டுக் காசு வந்தால் சுவர் ஏறும், வராவிட்டால் நிற்கும். கிடுகுக் கொட்டிலுக்குள் நாங்கள் இருந்தபடி பக்கத்தில் அந்த வீடு வளர்வதைப் பார்த்தோம். கொழும்பில் படவரைகலை படிக்கத் தொடங்கியிருந்த நான் முதன்முதலில் கீறிய வரைபடமும் அதுதான். அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஆவணியில் குடிபூரல். வந்த சனத்துக்காக அன்றிரவு தொலைக்காட்சியும் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்தோம். வெளிச்சம் வெளியே தெரியக்கூடாத காலம். யன்னல்களுக்குப் படங்கு கட்டினோம். புதுச் சுண்ணாம்பு மணமும் மனிதப் புழுக்கமும் அறைக்குள் சேர்ந்துகொண்டன.

டெக் கொண்டுவந்த பையன் குடிபூரல் வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்து, பெயரைப் பார்த்து ஒரு கசெற்றைத் தெரிவு செய்திருந்தான். பாலு மகேந்திராவின் 'வீடு'.

பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர் என்பது எங்களுக்கு உள்ளூரப் பெருமை. சிறுவனாக இருந்தபோது, இலங்கையில் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படப்பிடிப்பைப் பார்க்க நேர்ந்ததையும், இயக்குநர் டேவிட் லீன் சொன்னதும் மழை பெய்ததையும் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த மழைதான் தன்னைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தது என்பார். ஆனால் 'வீடு' படத்தில் யார் சொல்லுக்கும் எதுவும் பெய்வதில்லை. அலுவலகத்துக்குப் போய்வரும் சுதா, அவள் தங்கை, தாத்தா. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். இருக்கிற காணியில் ஒரு வீட்டைக் கட்டிவிட்டால் என்ன? கடன், அனுமதி, கையூட்டு, ஒப்பந்தக்காரரின் ஏமாற்று, சிமெந்து. பாட்டு இல்லை. இளையராஜாவின் பின்னணி இசை மட்டும், அதுவும் ஏற்கெனவே வந்த 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்து எடுத்தது.

அரை மணித்தியாலத்தில் சனம் எழுந்து போகத் தொடங்கியது. பாட்டும் சண்டையும் இல்லாத படத்தைக் குடிபூரல் இரவில் யார் பார்ப்பார்கள்? கடைசியில் அப்பா, அம்மா, நான், தூங்கிப்போன சின்னப்பிள்ளைகள். அப்பா முன்னுக்குச் சாய்ந்துவிட்டார். சிமெந்து களவு போகும் இடத்தில் அவர் தொடையில் அடித்துக்கொண்டார். கட்டட வேலைக்கு வரும் மங்கம்மா அந்தக் களவை எதிர்த்துப் பேசும் இடத்தில், "அந்த மனுசிக்கு இருக்கிற நேர்மையைப் பார்" என்று அம்மாவிடம் சொன்னார். அவர் பார்த்தது படத்தை அல்ல, தன் நான்கு வருடங்களை. அத்திவாரம் வெட்டும்போது அம்மா ஒரு கேள்வி கேட்டார்:

"கிணறு எங்கே வெட்டப் போகிறார்கள்?"

"அது பட்டணம். குழாயில் தண்ணீர் வரும்" என்றார் அப்பா.

"கிணறு இல்லாமல் என்ன வீடு" என்று அம்மா முணுமுணுத்தார்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, குடையும் கையுமாகத் தனியே புறப்பட்டு, பாதி எழுந்திருக்கும் வீட்டைப் பார்க்க வருகிறார். கூரையில்லை, பூச்சில்லை. அறை அறையாக நடக்கிறார். சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். வசனம் இல்லை. என் வாழ்நாளில் ஒரு கட்டடத்தை இவ்வளவு சரியாகப் படம்பிடித்து நான் பார்த்ததில்லை. அந்தக் கிழவரின் நடையின் வேகத்தில்தான் நாமும் அளக்கிறோம். ஒரு வாசலில் நின்று அடுத்த வாசலைப் பார்க்கிறோம். பூசாத செங்கல்லில் உள்ளங்கை படும்போது அந்தச் சொரசொரப்பு எங்கள் கையிலும் ஏறுகிறது. நான் படித்த எந்தப் பாடப்புத்தகமும் ஒரு வீட்டின் அளவு என்றால் என்னவென்று இப்படிச் சொல்லித் தரவில்லை.

அந்த இடத்தில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் வெளியே போய் எங்கே வாங்குவது? விடிந்ததும் பையன் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனான்.

மிச்சக் கதையை அப்பா இருட்டில் சொல்லி முடித்தார். "இனி என்ன இருக்கிறது? கூரை போடுவார்கள். பூசுவார்கள். கிழவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார்." அடுத்த நாட்களில் கண்டவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைப் பற்றிப் பேசினார். ஒவ்வொரு தடவையும் வீடு கட்டி முடிந்தது என்றே சொன்னார்.

எங்கள் வீட்டில் நாங்கள் பத்து மாதங்கள் இருந்தோம். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது, உடுத்த உடுப்போடு வெளியேறினோம். அதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் இங்கே எழுதப் போவதில்லை. 1998இல் நகரத்தில் ஒரு வாடகை வீட்டின் பின்னறையில் அப்பா காலமானார்.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' படத்தை நான் பார்த்தது 2002க்குப் பிறகு, சமாதான காலத்தில். அதுவரை கிடைக்காத படங்களெல்லாம் குறுந்தட்டுகளாகத் திருகோணமலைக்கு வந்து குவிந்தன. ரயிலைப் பார்க்க அப்பூவும் துர்காவும் நாணல் காட்டுக்குள் ஓடும் காட்சியை உலகமே கொண்டாடுகிறது, அது நியாயம்தான். என்னை உலுக்கியது புயல் இரவு. காய்ச்சலில் கிடக்கும் மகளுக்கு அருகே தாய் சர்போஜயா. பழுதாகிப்போன கதவைக் காற்று தள்ளுகிறது. மாடத்தில் பிள்ளையார் சிலை ஆடுகிறது. ஒரு வீட்டின் பலவீனமான இடங்கள் எவை என்று அந்தத் தாய்க்குத் தெரிந்த அளவு எந்தப் பொறியியலாளருக்கும் தெரியாது. கடைசியில் குடும்பம் மாட்டுவண்டியில் ஊரை விட்டுப் போகிறது. ஆளில்லாத வீட்டுக்குள் ஒரு பாம்பு நுழைகிறது. அந்த நாளில் அதை மட்டும் ஐந்தாறு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாங்கள் விட்டுவந்த வீட்டுக்குள் என்ன நுழைந்திருக்கும் என்று பன்னிரண்டு வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். ராய் அதை 1955இலேயே எடுத்துவைத்திருக்கிறார்.

யப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) நகரத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எனக்கு அயல்வீடு மாதிரி. கமரா எப்போதும் பாயில் இருப்பவரின் கண் உயரத்தில் இருக்கிறது. அது எங்களுக்கும் பழகிய உயரம். முடிவில் மனைவியை இழந்த கிழவர் விசிறியோடு தனியே இருக்க, ஒனோமிச்சித் துறைமுகத்தில் ஒரு படகு சத்தமிட்டபடி போகிறது. மூதூருக்குப் போகும் படகின் சத்தம் வந்தால் எனக்கு அவர் நினைவு வரும்.

கடல் என்று வந்தபின் ஒரு சிங்களப் படத்தைச் சொல்லாமல் விட முடியாது. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையின் அடியில் கடலுக்குள் மூழ்கி, பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். அந்த வில்சன் 1962இல் இயக்கிய 'ரன்முத்து தூவ'தான் சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப் படம். எங்கள் கடலுக்குள்ளேயே இறங்கிப் படம்பிடித்தார்கள். கதை புதையல் தேடும் கதை, பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் காமினி பொன்சேகா நீந்தும் அந்தத் தண்ணீரின் நிறம் எனக்குத் தெரியும். நான் பிறப்பதற்கு முந்திய திருகோணமலை, வண்ணத்தில், தண்ணீருக்கு அடியில்! கடலுக்குள் போன ஒரு கோயிலும் வீடுதானே, தெய்வத்தின் வீடு. கிளார்க் பிறகு இயக்குநர் குப்ரிக்கோடு சேர்ந்து '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) எழுதினார். அந்தப் படத்தில் மனிதன் வியாழன் கிரகத்துக்கு அப்பால் போய்ச் சேருவதும் ஓர் அறைக்குத்தான். தரையிலிருந்து வெளிச்சம் எழும் ஒரு படுக்கையறை. அங்கே ஒருவர் தனியே சாப்பிட்டு, முதுமையடைகிறார். விண்வெளிக் கப்பல்களை விட அந்த அறைதான் எனக்குப் பயம் தந்தது.

'ரன்முத்து தூவ'வில் இளைஞராக வரும் ஜோ அபேவிக்கிரம, 35 வருடங்களுக்குப் பிறகு பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997) படத்தில் கண் தெரியாத கிழவர் வன்னிஹாமியாக வருகிறார். இராணுவத்தில் இருந்த மகனின் சவப்பெட்டி, திறக்கக்கூடாது என்று முத்திரையிட்டு வருகிறது. மகன் இறந்தான் என்பதைக் கிழவர் நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுக்குக் கையெழுத்துப் போட மறுக்கிறார். அந்தக் காசு வந்தால் பாதியில் நிற்கும் வீட்டைக் கட்டி முடிக்கலாம். அரசாங்கம் தடுத்துவைத்த இந்தப் படம், உயர் நீதிமன்றம் வரை போய், 2001இல்தான் இலங்கைத் திரைக்கு வந்தது. எனக்குச் சிங்களம் அரைகுறை. இந்தப் படத்துக்கு மொழி தேவைப்படவில்லை. போரில் மறுபக்கத்தில் இருந்த ஒரு தகப்பனின் வீட்டை நான் முதன்முதலில் உள்ளே போய்ப் பார்த்தேன். அங்கேயும் பூசாத செங்கல். அங்கேயும் காசு வராமல் நின்றுபோன சுவர். கிழவர் தன் கையால் சவக்குழியைத் தோண்டும்போது நான் நாற்காலியில் இருக்க முடியாமல் எழுந்து நின்றேன்.

மலையாளத்து 'கும்பளங்கி நைட்ஸ்' (2019) எங்கள் மகன் காட்டியது. அண்ணன் தம்பிமார் வாழும் அந்த வீட்டுக்குக் கதவு இல்லை, பூச்சு இல்லை. வருகிற ஒவ்வொரு மனிதராலும் அது கொஞ்சம் கொஞ்சமாக வீடாகிறது. இன்னொரு பக்கம், எல்லாம் துடைத்து வைத்த ஒழுங்கான வீட்டில் ஒரு மனிதன் மற்றவர்களை மூச்சுவிட விடாமல் வைத்திருக்கிறான். இந்த இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கீறினேன்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு நான் கீறிய வீடுகளையும் இங்கே சொல்ல வேண்டும். 500 சதுர அடி. அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். விறகடுப்புக்கு இடம் கேட்டு நான் திருத்திக் கொடுத்த வரைபடம் திரும்பி வந்துவிட்டது. இரண்டு மாதங்களில் சனம் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் கிடுகால் ஒரு குசினி போட்டது. அதைப் பார்க்கப் போன அன்று எனக்கு மங்கம்மாவின் நினைவு வந்தது.

'வீடு' படத்தின் மிச்சத்தை நான் 2003இல் பார்த்தேன். அதற்கு ஒரு கிழமை முன்னர்தான் நிலாவெளியில் எங்கள் வளவுக்குப் போயிருந்தேன். கூரை, கதவு, யன்னல், சுவர் ஒன்றும் இல்லை. எருக்கம் பற்றைக்கு நடுவே கிணறு மட்டும் இருந்தது. கல்லைப் போட்டுப் பார்த்தேன், தண்ணீர் சத்தம் கேட்டது.

ஜெனரேட்டர் நின்ற இடத்திலிருந்து படத்தை ஓடவிட்டேன். அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்த தாத்தா இறந்துபோகிறார். பிறகு அதிகாரிகள் வருகிறார்கள். சுதாவின் காணி குடிநீர்த் திட்டத்துக்கென்று முன்னரே எடுக்கப்பட்டுவிட்டதாம். குழாய்த் தண்ணீர் கொடுக்கிறவர்கள்தான் வீட்டைக் கேட்டு வந்து நிற்கிறார்கள். சுதா நீதிமன்றத்துக்குப் போகிறாள். வழக்கு என்னவாயிற்று என்று படம் சொல்வதில்லை. 1989இல் அந்த அறையில் இருந்தவர்களில் சரியான கேள்வியைக் கேட்டவர் அம்மா ஒருவர்தான். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அப்பா கட்டி முடித்த வீட்டை நான் ஏன் இடிக்க வேண்டும்?

அக்காவின் மகளுக்குத் தொலைபேசியில் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் இருந்தார். அவருக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. 'வீடு' என்ற பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"அது குடிபூரலன்று போட்ட படமல்லவா? அந்தப் பிள்ளை கடைசியில் கிணறு வெட்டினாளா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, தாத்தா குடையோடு வரும் இடத்திலிருந்து போட்டேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தாத்தா இறந்தார். அதிகாரிகள் வந்தார்கள். சுதா நீதிமன்றத்துக்குப் போனாள். எழுத்துகள் ஓடி முடியும்வரை அம்மா பேசவில்லை.

"ஜெனரேட்டர் நின்றது நல்லதுதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கிழவர் சுவரைத் தொடுகிற இடத்தை இன்னொரு தடவை போடு தம்பி" என்றார்.